இலங்கையின் சலரோக விழித்திரை ஆய்வுகளை எண்ணுவது எப்படி?

கேட்டவர் யாழ்ப்பாண மருத்துவ பீட மாணவர். சலரோகத்தால் வரும் விழித்திரைப் பாதிப்பு, அதாவது டயபெட்டிக் ரெட்டினோபதி பற்றி இலங்கையில் எவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பதை அளந்து ஓர் ஆய்வறிக்கை எழுதப் போகிறார். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் நோயின் பெயரையும் ‘ஸ்ரீலங்கா’ என்பதையும் போட்டுத் தேடி, வருடவாரியாக வரைபு கீறினால் போதுமா என்பது கேள்வி.

போதாது. பப்மெட்டில் எந்தப் புலம் என்று குறிப்பிடாமல் நாட்டின் பெயரை அடித்தால், அது தலைப்பு, சுருக்கம், பொருட்சொல், ஆசிரியரின் நிறுவன முகவரி எல்லாவற்றிலும் சேர்த்தே தேடும். இலங்கை நோயாளரைப் பற்றிய கட்டுரையும், இலங்கை முகவரியுள்ள ஒருவர் பங்குபற்றிய வேறு நாட்டுக் கட்டுரையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். வரைபு பார்க்க வடிவாக இருக்கும். அது எதை அளக்கிறது என்று பரீட்சகர் கேட்டால் சொல்ல ஒன்றும் இராது. இந்தியாவினதோ சீனாவினதோ ஆய்வுகள் என்றால் ஆயிரக்கணக்கில் வரும், அங்கே மென்பொருளை நம்பத்தான் வேண்டும். இலங்கையின் பட்டியலோ இரண்டு பேர் இருந்து ஒவ்வொன்றாக வாசித்து முடிக்கக்கூடிய அளவு. ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி வாசிப்பு. எண்ணுவது கடைசியில் வரும் சிறிய வேலை.

தேடத் தொடங்குமுன் ‘இலங்கையின் ஆய்வு’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். இலங்கை நிறுவன முகவரியுள்ள ஆசிரியர் ஒருவராவது இருக்கும் கட்டுரை ஒரு வகை. இலங்கையில் உள்ள நோயாளரை அல்லது தரவை வைத்துச் செய்த ஆய்வு இன்னொரு வகை. இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படியும், ஆனால் முழுதாக அல்ல. புலம்பெயர்ந்த இலங்கையர் வெளிநாட்டு முகவரியில் எழுதியவை மூன்றாவது வகை. பெயரைப் பார்த்து நாட்டை ஊகிப்பது பிழையான முறை என்பதால் இதை விட்டுவிடுங்கள். முதல் இரண்டுக்கும் அட்டவணையில் ஒவ்வொரு நிரல் வைத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதியுங்கள்.

இந்த இரண்டு நிரல்களும் சேர்ந்துதான் முக்கியமான செய்தியைச் சொல்லும். தரவு இலங்கையினது, முகவரி ஒன்றுகூட இலங்கையினது அல்ல என்று வரும் கட்டுரைகள் எத்தனை என்பது யாராவது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. எதிர்ப்புறத்தில், உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டுக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். அதில் ஒருவருக்கு இலங்கை முகவரி இருந்தாலே தரவுத்தளம் அதை இலங்கைக் கணக்கில் ஏற்றிவிடும்.

தரவுத்தளத்துக்கு வருவோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் இலவசம், கட்டுரைகளுக்கு அந்த நூலகம் இடும் ‘மெஷ்’ என்ற பொருட்சொற்கள் நோயைப் பிடிப்பதற்கு மிக நல்லவை. ஆனால் மேற்கோள் எண்ணிக்கைக்கு அது உதவாது. 2004 இல் எல்செவியர் தொடங்கிய ஸ்கோபஸிலும், கிளாரிவேற்றின் வெப் ஒஃப் சயன்ஸிலும் ஆசிரியரின் நாட்டைத் தனிப்புலமாகத் தேடலாம், மேற்கோளும் கிடைக்கும். இரண்டுக்கும் நிறுவனச் சந்தா வேண்டும். அது கிடைக்காதவர்களுக்கு 2022 இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது. அதன் தரவு இலவசம், நாட்டுக் குறியீட்டால் வடிகட்டலாம். முகவரிகளை நிறுவனங்களோடு இயந்திரம் பொருத்துவதால் பிழைகள் வரும், சரிபார்க்காமல் எடுக்கக்கூடாது. கூகிள் ஸ்கொலர் ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது, நாட்டுப்புலமும் இல்லை. விடுபட்டதைக் கண்டுபிடிக்க மட்டும் அதைப் பாவியுங்கள், எண்ணுவதற்கு வேண்டாம். குறைந்தது இரண்டு தளங்களில் தேடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடியுங்கள். பதிவுகள் நாளாந்தம் கூடுகின்றன. ஒரு தளத்தை மாசியிலும் மற்றதை ஆவணியிலும் தேடிவிட்டு இரண்டையும் ஒப்பிட முடியாது.

நோயின் பெயருக்கு ஒரே சொல் காணாது. டயபெட்டிக் ரெட்டினோபதி, டயபெட்டிக் மகியூலோபதி, டயபெட்டிக் மகியூலர் எடிமா, டயபெட்டிக் ஐ டிசீஸ் ஆகியவற்றை மேற்கோட்குறிக்குள் வைத்து, ‘அல்லது’ கட்டளையால் இணைத்து, மெஷ் சொல்லையும் சேர்க்கவேண்டும். எடிமாவுக்குப் பிரித்தானிய எழுத்துக்கூட்டல் வேறு, அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு. எங்கள் வைத்தியர்கள் பிரித்தானிய முறையில் எழுதுவதால் இரண்டையும் போடாவிட்டால் சொந்த நாட்டுக் கட்டுரைகளே தப்பிவிடும். எதையும் விடக்கூடாது என்று ‘ரெட்டினோபதி’யை மட்டும் வெட்டி உடுக்குறி போட்டுத் தேடினால் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயும், உயர் இரத்த அழுத்த விழித்திரைப் பாதிப்பும் உள்ளே வந்துவிடும். வந்தால் வடிகட்டலாம், ஆனால் வரும் என்று தெரிந்து செய்யுங்கள்.

இடப்பெயரில் இருக்கும் பொறிகள் இன்னும் கனக்க. பழைய பதிவுகளில் முகவரியில் நாட்டின் பெயர் இல்லாமல் ‘பேராதனை’ என்றோ ‘றாகம’ என்றோ மட்டும் நிற்பதுண்டு. அதனால் நகரப் பெயர்களையும் தேடலில் சேர்க்கச் சொல்வார்கள், அது சரி. ஆனால் கொழும்பை ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துகளில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஒரு நகரம் இருக்கிறது, இத்தாலியில் அது குடும்பப் பெயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகவரியில் திருநெல்வேலி வருகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல் கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறதே என்று எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடினால், தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் உள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கட்டுரைகள் வந்துசேரும். அரவிந்த் 1976 இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம். சலரோக விழித்திரை ஆய்வில் உலகளவில் அறியப்பட்டது. அதன் கட்டுரைகள் சில தவறி உங்கள் பட்டியலில் ஏறினாலே வட மாகாணத்தின் எண்ணிக்கை பொய்யாகிவிடும். ஆகவே திருநெல்வேலியைத் தனியாகத் தேடாதீர்கள், ‘ஜவ்னா’வோடு சேர்த்தே தேடுங்கள்.

1972 க்கு முந்தியவை வேண்டுமென்றால் ‘சிலோன்’ என்பதும் வேண்டும். அதையும் முகவரி, தலைப்பு, சுருக்கம் என்று புலம் குறித்துத்தான் தேடவேண்டும். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887 இலிருந்து வரும் சஞ்சிகை, அந்தப் பெயரை இன்றும் வைத்திருக்கிறது. புலம் குறிக்காவிட்டால் சஞ்சிகையின் பெயரே தேடலில் பொருந்திவிடும்.

தேடல் சரியா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தேடலைத் தொடாமல், உங்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் ஏற்கெனவே தெரிந்த 20 கட்டுரைகளைக் கையால் சேர்த்து வையுங்கள். பிறகு தேடலை ஓட்டி அந்த 20 இல் எத்தனை வந்தன என்று பாருங்கள். 17 வந்தால் மீட்பு, அதாவது தேடல் பிடித்த பங்கு, 85 சதவீதம். விடுபட்ட 3 ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தத் தரவுத்தளத்தில் அவை இல்லையா, இருந்தும் உங்கள் சொல் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். முதலாவது உங்கள் பிழையல்ல, அறிக்கையில் குறிப்பிட்டால் போதும். இரண்டாவது என்றால் தேடலைத் திருத்தி மறுபடி ஓட்டவேண்டும்.

பதிவுகளை இறக்கும்போது நடக்கும் இரண்டு தவறுகள் நாட்கணக்கில் வேலையை வீணாக்கும். பப்மெட்டில் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கினால் அதில் நிறுவன முகவரி வராது. நாட்டைப் பிரிக்க வேண்டியவர் ‘பப்மெட்’ என்ற எழுத்துவடிவக் கோப்பாகவே இறக்கவேண்டும், அதில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் கீழே முகவரி வரி இருக்கும். மற்றது எக்செல். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ‘3-9’ என்ற பக்க எண்ணைத் திகதியாக மாற்றிவிடும், பிறநாட்டு எழுத்துகளைக் குழப்பிவிடும். தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, எழுத்துக் குறியாக்கத்தை யூரிஎஃப்-8 என்று தெரிவுசெய்து, எல்லா நிரலையும் எழுத்து என்று அமையுங்கள்.

இரட்டிப்பை நீக்குவதை ஸொட்டெரோ என்ற உசாத்துணை மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம். முதலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்துவமாக இடப்படும் டிஓஐ எண்ணால் பொருத்துங்கள். அடுத்து தலைப்பை, நிறுத்தக்குறிகளை எடுத்துவிட்டு, சிறிய எழுத்தாக்கிப் பொருத்துங்கள். எஞ்சியதை முதல் ஆசிரியர், வருடம், தொடக்கப் பக்கம் என்று கண்ணால் பாருங்கள். ஒரே கட்டுரைக்கு இணையத்தில் வந்த வருடம் ஒன்றாகவும் அச்சிட்ட இதழின் வருடம் வேறாகவும் இருப்பதால், எந்த வருடத்தை எடுக்கிறீர்கள் என்று முதலே முடிவுசெய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

இனி வாசிப்பு. இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், தலைப்பையும் சுருக்கத்தையும் வாசித்து ‘சேர்’, ‘விலக்கு’, ‘சந்தேகம்’ என்று இடவேண்டும். ஒத்துப்போன அளவை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணிக்கும் கப்பாப் பெறுமானமாக எழுதுங்கள், முரண்பட்டதை மூன்றாமவர் தீர்க்கட்டும்.

இந்தக் கட்டத்தில் இலங்கைக்கே உரிய ஒரு சிக்கல் வரும். எங்கள் நாட்டில் சலரோக மூலிகை ஆய்வுகள் நடக்கின்றன: கொத்தலா ஹிம்புட்டு, பாகற்காய், கறிவேப்பிலை என்று. அந்த மாதிரிக் கட்டுரைகளின் சுருக்கம் ‘சலரோகம் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைப் பாதிக்கும்’ என்ற ஒரு வசனத்தோடு தொடங்கும். தேடல் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக் கட்டுரையை உள்ளே கொண்டுவந்துவிடும். உள்ளே கண் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆகவே விதியை இப்படி வையுங்கள்: விழித்திரைப் பாதிப்பை அளந்து, அந்த முடிவு சுருக்கத்திலாவது வரவேண்டும், அல்லது அதன் பரிசோதனை, சிகிச்சை, விழிப்புணர்வு ஆய்வின் நோக்கமாக இருக்கவேண்டும். சலரோகக் கிளினிக் நோயாளரின் எல்லாச் சிக்கல்களையும் ஓர் அட்டவணையில் தரும் ஆய்வுகள் எல்லையில் நிற்கும். அவற்றைச் சேர்ப்பதானால் ‘பகுதியளவு’ என்று தனிக்குறி இடுங்கள், பிறகு அவற்றோடும் அவை இல்லாமலும் இருமுறை எண்ணலாம்.

கட்டுரை வகையையும் பதியவேண்டும். மூல ஆய்வு, மீளாய்வு, நோயாளர் அறிக்கை, கடிதம், மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே நிறை கொடுப்பது நியாயமல்ல. திருத்த அறிவித்தல்களை எண்ணாதீர்கள். மீளப்பெறப்பட்ட கட்டுரை இருந்தால் நீக்கிவிட்டு, நீக்கியதைச் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்து வருடவாரி வரைபு கீறும்போது பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. பப்மெட் 1988 முதல் 2013 வரை முதல் ஆசிரியரின் முகவரியை மட்டும் பதிந்தது. 2014 முதல்தான் எல்லா ஆசிரியருடைய முகவரியும் ஏறுகிறது. ஆகவே இலங்கையர் இரண்டாம், மூன்றாம் ஆசிரியராக இருந்த பழைய கட்டுரைகள் முகவரித் தேடலில் வரமாட்டா, புதியவை வரும். வரைபில் 2014 ஐ ஒட்டி ஓர் ஏற்றம் தெரிந்தால், அதை ‘போருக்குப் பிந்திய ஆராய்ச்சி வளர்ச்சி’ என்று எழுதுமுன், முதல் ஆசிரியர் இலங்கையராக உள்ளவற்றை மட்டும் எடுத்து மறுபடி கீறிப் பாருங்கள். அப்போதும் ஏற்றம் தெரிந்தால் அது உண்மை.

இன்னொன்று, கட்டுரையும் ஆய்வும் ஒன்றல்ல. கண்டிப் பகுதிக் கிராமங்களில் அவுஸ்திரேலிய ஒத்துழைப்போடு நடந்த கண்டி கண் ஆய்வு என்ற ஒரே களவேலையிலிருந்து பல கட்டுரைகள் வந்தன. தேசிய குருட்டுத்தன்மை ஆய்வின் முடிவுகள் 2018 இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலின் சிறப்பிணைப்பாகத் தொடர் கட்டுரைகளாக வந்தன. பொதுவான பார்வையிழப்பை எண்ணுகிறவருக்கு அந்த வருடம் தனியாக உயர்ந்து நிற்கும், காரணம் ஒரே ஆய்வு. ஆகவே ‘மூல ஆய்வு இலக்கம்’ என்று ஒரு நிரல் வைத்து, ஒரே தரவில் பிறந்த கட்டுரைகளுக்கு ஒரே இலக்கம் இடுங்கள். அறிக்கையில் இத்தனை கட்டுரை, இத்தனை ஆய்வு என்று இரண்டையும் கொடுங்கள்.

சிறிய எண்களில் ஏற்ற இறக்கம் தானாகவே வரும். ஒரு வருடம் 4, அடுத்த வருடம் 8 என்றால் ‘இருமடங்கு’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 4 இன் எழுமாற்று விலகல் ஏறத்தாழ 2, 8 இனது ஏறத்தாழ 3. இரண்டின் வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஐந்தைந்து வருடமாகத் தொகுத்துப் பாருங்கள்.

பல நாட்டார் சேர்ந்து எழுதியதை எப்படி எண்ணுவது என்பதில் பெரிய வாதமே இருக்கிறது, கணக்கு எளிது. 10 ஆசிரியர், 4 பேர் இலங்கை, 6 பேர் பிரித்தானியா என்று வையுங்கள். முழு எண்ணிக்கையில் இலங்கைக்கு 1. நாட்டுவாரிப் பின்னத்தில் 0.5. ஆசிரியர்வாரிப் பின்னத்தில் 0.4. முழு எண்ணிக்கை ‘பங்குபற்றல்’, பின்னம் ‘பங்களிப்பு’. இரண்டையும் கொடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அகன்றால் வெளிநாட்டுக் கூட்டில்தான் பெரும்பகுதி நடக்கிறது என்று பொருள். முதல் ஆசிரியரும் தொடர்பு ஆசிரியரும் எந்த நாடு என்ற நிரலையும் சேருங்கள், யார் தலைமை தாங்கினார்கள் என்பதை அது பின்னத்தைவிடத் தெளிவாகச் சொல்லும்.

மேற்கோள்களுக்குச் சராசரி வேண்டாம். 20 கட்டுரைகளில் 19 க்குத் தலா 5 மேற்கோள், ஒரு பெருங்கூட்டுக் கட்டுரைக்கு 1500 என்று வைத்தால் சராசரி ஏறத்தாழ 80. இடையம் 5. நாட்டின் நிலையைச் சொல்வது 5. அந்த 80 ஐ எழுதினால் வாசிப்பவரை ஏமாற்றியதாகிவிடும். பழைய கட்டுரைக்கு மேற்கோள் சேரக் கனகாலம் இருந்திருப்பதால், வெளிவந்து 3 வருடத்துக்குள் கிடைத்தவற்றை மட்டும் எல்லாவற்றுக்கும் எடுங்கள். 2005 இல் ஹேர்ஷ் முன்வைத்த எச்-சுட்டெண், அதாவது குறைந்தது எச் மேற்கோள் பெற்ற எச் கட்டுரைகள் என்ற அளவு, ஒரு தனி ஆய்வாளருக்கென்று வந்தது. ஒரு சிறிய நாட்டின் ஒரு நோய்க்கு அதைக் கணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விஓஎஸ்வியூவர் மென்பொருள் சொற்களின் தொடர்பைக் காட்டி வரையும் வலைப்படங்களும் அப்படித்தான்: முக்கிய சொற்களுக்கான படத்தில் ஒரு சொல் குறைந்தது 5 தடவை வரவேண்டும் என்ற இயல்புநிலை எல்லையை, சிறிய பட்டியலில் படம் வரவேண்டுமென்பதற்காகக் குறைக்கிறார்கள். பிறகு தெரியும் ‘கொத்துகள்’ ஒரு கட்டுரை கூடினாலே மாறிவிடும். பதிலாக ஒவ்வொரு கட்டுரையையும் பரம்பல், பரிசோதனைச் சேவை, சிகிச்சை, மரபணு, நோயாளர் அறிவு, செலவு என்று கையால் வகைப்படுத்துங்கள். தரவு எந்த மாகாணத்தினது என்றும் பதியுங்கள். இந்தக் குறுக்கட்டவணைதான் சுகாதாரத் திட்டமிடுகிறவருக்கு உதவும்.

பிற நாடுகளோடு ஒப்பிட, சனத்தொகைக்கு இத்தனை என்பதைவிட ஈடுபாட்டுச் சுட்டெண் நல்லது: நாட்டின் மொத்த ஆய்வில் இந்த நோயின் பங்கை, உலக ஆய்வில் இதே நோயின் பங்கால் வகுப்பது. கற்பனை எண்களில்: நாட்டின் 2000 கட்டுரைகளில் 10, அதாவது 0.5 சதவீதம். உலகின் 40 இலட்சத்தில் 8000, அதாவது 0.2 சதவீதம். சுட்டெண் 2.5. ஆனால் 10 என்ற எண்ணின் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை ஏறத்தாழ 4.8 இலிருந்து 18.4 வரை, அதனால் சுட்டெண் 1.2 இலிருந்து 4.6 வரை எங்கும் இருக்கலாம். ஆயிடை இல்லாமல் 2.5 என்று மட்டும் எழுதி நாடுகளை வரிசைப்படுத்துவது தவறு.

கடைசியாக, தரவுத்தளங்களுக்கு வெளியே கிடப்பவை. ஜவ்னா மெடிக்கல் ஜேர்னல், கண் வைத்திய நிபுணர் கல்லூரியின் சஞ்சிகை போன்றவற்றைத் தனியாகத் தேடவேண்டும், ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் தொடங்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடுகளில் கட்டுரையாக வெளிவராதவையும் உண்டு. யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் வருடாந்த அமர்வுச் சுருக்கங்களை மருத்துவ பீட நூலகத்தில் இதழ் இதழாகப் புரட்டித்தான் எடுக்கவேண்டும். இவற்றை முதன்மை எண்ணிக்கையோடு கலக்காமல் தனி அட்டவணையாகக் கொடுங்கள், மற்ற நாடுகளின் ஆய்வேடுகளை நீங்கள் எண்ணவில்லை. வட மாகாணத்தைப் பற்றி எழுதும்போது, 1983 முதல் 2009 வரையான போரும் 1995 இடப்பெயர்வும் நடந்த வருடங்களில் காணும் வெற்றிடத்தை ‘ஆர்வமின்மை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த வருடங்களிலும் நோயாளர் இருந்தார்கள், பார்த்த வைத்தியர்களும் இருந்தார்கள். பதிவேட்டிலிருந்து கட்டுரைவரை போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

பட்டியல் முடிந்ததும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கண்டியிலும் இந்தத் துறையில் இருக்கும் கண் வைத்திய நிபுணர்களுக்கும் சலரோக வைத்தியர்களுக்கும் தலைப்புகளை அனுப்பி, விடுபட்டது உண்டா என்று கேளுங்கள். அவர்கள் தருவதை ‘நிபுணர் வழி’ என்று குறித்துச் சேருங்கள். தேடல் வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே, தேடிய திகதியோடு பின்னிணைப்பில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பதிவு நீங்கியது, ஏன் நீங்கியது என்பதை, மீளாய்வுகளில் வழக்கமான பிரிஸ்மா ஓட்டப்படமாகக் கீறுங்கள். நெறிமுறைக் குழுவிடமிருந்து விலக்குக் கடிதம் ஒன்றையும் முதலே எடுத்து வைத்திருங்கள். வெளிவந்த கட்டுரைகளை மட்டும் எண்ணும் வேலைக்கு வழக்கமாக அனுமதி தேவைப்படாது, இருந்தாலும் சில சஞ்சிகைகள் சமர்ப்பிக்கும்போது அந்தக் கடிதத்தைக் கேட்கின்றன.